கடன் கட்ட முடியாத நிலையில்: எதை முதலில் கட்டுவது, எங்கே புகார் செய்வது, மஞ்சள் கடுதாசி எப்போது

ஐந்தாறு இடத்தில் கடன் சேர்ந்துவிட்டால், யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்குத்தான் பலரும் முதலில் கட்டுகிறார்கள். வாசலில் வந்து நிற்கும் வசூல் ஆளுக்குப் பத்தாயிரம் போய்விடும். ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும் வீட்டுக்கடன் வங்கிக்கு அந்த மாதத் தவணை நின்றுவிடும். சட்டப்படி பார்த்தால் இது தலைகீழ். சத்தம் போடுகிறவரிடம் பெரும்பாலும் சத்தத்தைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு கடன்காரரும் நம்மை என்ன செய்ய முடியும் என்று பார்த்து வரிசைப்படுத்துவது.

பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டில் கடனுக்கு ஒரு வரி எழுதுங்கள். கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், வாங்கிய தேதி, இன்றைய பாக்கி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, எதில் கையெழுத்துப் போட்டோம், ஜாமீன்தாரர் யார். இவற்றில் பலரும் விட்டுவிடுவது இரண்டு: கடைசியாகக் கட்டிய தேதி, கையெழுத்துப் போட்ட காகிதம். பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான். அடமானப் பத்திரமா, செக்கா, கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஆட்டோ டெபிட் மேண்டேட்டா, புரோநோட்டா, வெற்றுத்தாளா என்று தெளிவாக எழுதுங்கள்.

பாக்கித் தொகையை போனில் கேட்டு எழுத வேண்டாம். கணக்கு விவர அறிக்கையை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வந்ததும் அதில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். தவணை தவறியதற்காக அபராத வட்டி போட்டு, அதை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா? ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட, 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வங்கியோ நிதி நிறுவனமோ அபராத வட்டி போடக் கூடாது. நியாயமான ஒரு அபராதக் கட்டணம் போடலாம். அந்தக் கட்டணத்துக்கு வட்டி கிடையாது. அறிக்கையில் வேறு மாதிரி இருந்தால், பேரம் பேசுவதற்கு முன்பே உங்கள் கையில் எழுத்துப்பூர்வமான ஒரு புகார் இருக்கிறது.

முதல் வரிசை: அடமானம் வைத்தவை

வீட்டுக்கடன், சொத்து அடமானக் கடன் இரண்டிலும் வங்கிக்கு நீதிமன்றமே தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற அனுமதிக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்படி ஆன பிறகு ஒரு தவணை கட்டினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. நிலுவைத் தவணைகள் முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். 90 நாளுக்குள் ஒரு தவணை கட்டுவதற்கும் 91-ஆம் நாள் அதையே கட்டுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வாராக்கடன் ஆனதும் பிரிவு 13(2)-இன் கீழ் 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வரும். இதற்குப் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது. தொகை தவறு, கட்டணம் அதிகம், கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை என்று எந்த ஆட்சேபம் இருந்தாலும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அடுத்தது, சொத்தை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ்: வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், நாளிதழிலும் போடுவார்கள். அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை. அதற்குப் பிறகு பணத்தோடு போய் நின்றாலும் அந்த உரிமையைக் கேட்க முடியாது.

விவசாய நிலத்தின் மேல் சர்ஃபேசி பாயாது. ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, நிலத்தில் உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

நகைக்கடனில் ஏல நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிற விபத்து. வீடு மாறியிருந்தால் கிளையில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஏலத்தில் பாக்கியை விட அதிகமாகக் கிடைத்தால் மிச்சப் பணம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வரிசை: செக்கும் மேண்டேட்டும்

கடன் கட்டாதது குற்றம் ஆகாது, அது சிவில் விவகாரம். "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, போலீஸ் கிளம்பிடுச்சு" என்று வரும் போன்களில் பெரும்பாலானவை மிரட்டல்தான். ஆனால் செக் கொடுத்திருந்தால் கதை வேறு. செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-இன் கீழ் பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் முறைகள் சட்டம் பிரிவு 25 இதே போன்ற தண்டனையைச் சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது.

இதில் நாள் கணக்கு முக்கியம். செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள், செக்கை வாங்கியவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் குற்றமே எழாது. கட்டாவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். தபால்காரரிடம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான விலாசத்துக்கு வந்த தபாலை மறுத்தால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கும் செக்தான். வாங்கியது ஒரு லட்சம், அவர் நிரப்பியது நாலு லட்சம் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். அதனால் நோட்டீஸ் வந்த வாரத்திலேயே எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம், எந்தக் கணக்கு வழியாக என்று தேதியோடு வக்கீல் மூலம் பதில் போடுங்கள்.

மூன்றாவதாக, ஜாமீன்தாரர் கையெழுத்துப் போட்ட கடன்கள். அவரிடம் முதலில் கேட்காதே, என்னிடம் கேள் என்று வங்கியிடம் சொல்ல முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அவருடைய பொறுப்பும் உங்களுடைய பொறுப்பும் ஒன்றேதான். மைத்துனர் சம்பளத்தில் கை வைத்த பிறகு குடும்பத்தில் நடப்பதை எந்தச் சட்டமும் சரிசெய்யாது.

கடைசி வரிசை: கார்டு, தனிநபர் கடன், செயலி, கைமாற்று

அடமானமும் செக்கும் ஜாமீனும் இல்லாத கடனுக்கு அவர்கள் செய்யக்கூடியது வழக்குப் போட்டு டிகிரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு, வாங்குவது. பல நிதி நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதியபடி ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லும் முறைக்கு, போகும். அதற்கு ஆகும் செலவும் காலமும் அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் போன் மேல் போன்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வருவது மருந்து போலத் தோன்றும் நோய். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1,00,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,500. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. மொத்தம் 4,130. நீங்கள் கட்டும் 5 சதவீதக் குறைந்தபட்சத் தொகை 5,000. அசலில் குறைந்தது 870 ரூபாய். அதே கார்டைத் தொடர்ந்து தேய்த்தால் அதுவும் போயிற்று. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, கார்டை நிறுத்திவிட்டுப் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்பது.

கடனும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கிக்காகக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது தவறு ஆகாது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் தப்பும்.

இன்னொன்று, காலாவதி. புரோநோட்டு, கைமாற்று, தனிநபர் கடன் போன்றவற்றுக்கு வழக்குப் போடும் கெடு மூன்று ஆண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, ஒரு சிறு தொகையைக் கட்டி அதை எழுத்தில் பதிந்தாலோ கணக்கு மறுபடி அந்த நாளிலிருந்து ஓடும். புரோநோட்டின் முதுகில் "வரவு 500" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். காலாவதியான கடனைக் கட்டுவதாகப் புதிதாக எழுதிக் கொடுத்தால், அந்த எழுத்தே புதிய ஒப்பந்தமாகிவிடும். கெடுவைக் கணக்கிடாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காலாவதி ஆனால் வழக்குரிமை மட்டுமே போகும். சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் அந்தக் கறை அப்படியே இருக்கும், அடமானமாக வைத்த நகையும் தானாகத் திரும்பி வராது.

வசூல் ஆட்கள் வந்தால்

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது தெளிவு: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. மிரட்டல், அவமானப்படுத்தல், குடும்பத்தார், நண்பர்கள், கடன் வாங்கும்போது பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவது எதுவும் கூடாது. ஆள் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவர் என்று சொல்லி வங்கி கை கழுவ முடியாது. வருகிறவரிடம் அடையாள அட்டையும், உங்கள் கணக்கை அவருக்கு ஒப்படைத்த வங்கிக் கடிதமும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டு, படம் எடுத்துக்கொண்ட பிறகே பேச ஆரம்பியுங்கள். இல்லை என்றால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

மகளிர் குழு வழியாக வரும் மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு நேரம் இன்னும் குறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரை. பணம் வசூலிக்க நீங்களும் நிறுவனமும் சேர்ந்து ஓர் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் அந்த இடத்துக்கு வராமல் போனால்தான் அவர்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். மற்ற உறுப்பினர்களை வாசலில் உட்கார வைத்து மானத்தை வாங்குவது ஊரில் சகஜமாகிவிட்டது. சகஜம் என்பதால் விதிக்கு உட்பட்டது ஆகிவிடாது.

செயலிக் கடனில், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வர வேண்டும். திருப்பிக் கட்டுவதும் கடன் தந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பதிவுகளைச் செயலி எடுக்கக் கூடாது. உங்கள் படத்தைத் திரித்து உறவினர்களுக்கு அனுப்பினால் அது வசூல் ஆகாது, சைபர் குற்றம். 1930-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள்.

புகாரின் பலம் ஆதாரத்தில் இருக்கிறது. தேதி, நேரம், எண், பேசிய வாசகம் என்று நாலு பத்தி வைத்து எழுதிக்கொண்டே வாருங்கள். "தினமும் தொல்லை செய்கிறார்கள்" என்ற புகார் நிற்காது. "மார்ச் 4, இரவு 9.40, இந்த எண்ணிலிருந்து என் மேலாளருக்குப் போன் செய்து என் பாக்கித் தொகையைச் சொன்னார்" என்பது நிற்கும். இதை முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு, சி.எம்.எஸ். என்ற அதன் புகார் இணையதளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448-ஐ அழையுங்கள். முதல் படியை விட்டுவிட்டு நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகார் திரும்பி வரும். பெரும்பாலான புகார்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டிக்காரர்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகள் பொருந்தாது. அவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்திலோ மாவட்ட எஸ்.பி. அலுவலகத்திலோ எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஜி-பே சுவடு இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. ரொக்கமாகவே கொடுத்து வந்தவர்கள் இனிமேலாவது கணக்கு வழியாகக் கொடுக்கட்டும்.

செட்டில்மென்ட்: வாய்ச்சொல் செல்லாது

ஒரே தவணையில் குறைத்து முடித்துக்கொள்வது நல்ல வழிதான், காகிதம் சரியாக இருந்தால். ஏஜென்ட் போனில் "நாற்பதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்" என்பார். அந்த நாற்பதாயிரம் வட்டியில் வரவாகி, மீதி அப்படியே நிற்கும். கட்டுவதற்கு முன் வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலில் இருந்து கடிதம் வர வேண்டும். அதில் உங்கள் கணக்கு எண், இறுதித் தொகை, கட்ட வேண்டிய தேதி, இதைக் கட்டினால் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் நான்கும் இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்குக்குள் மட்டுமே செலுத்துங்கள். ஏஜென்டின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம். மூன்று தவணையாகக் கட்டும் செட்டில்மென்டில் இரண்டாவது தவணை ஒரு நாள் தாமதமானாலும் முழுச் சலுகையும் ரத்து என்று பெரும்பாலான கடிதங்களின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்று, கொடுத்திருந்த செக்குகள், மேண்டேட் ரத்து மூன்றையும் வாங்குங்கள். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால் முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். அது "குளோஸ்டு" போல ஆகாது, புதுக் கடன் கேட்கும்போது உறுத்தும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். தவறு இருந்தால் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

கோர்ட் காகிதம் வந்தால்

சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்ச டிகிரி ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் கெடு. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸையும் குப்பையில் போடாதீர்கள். அந்தத் தீர்ப்பு டிகிரி போலவே நிறைவேற்றப்படும். மத்தியஸ்தரை நிதி நிறுவனமே தன்னிச்சையாக நியமித்திருந்தால் அதை ஆட்சேபித்து உடனே எழுதுங்கள். லோக் அதாலத் அழைப்பு மட்டும் சமரசத்துக்கானது. போகாவிட்டால் கைது கிடையாது, போனால் குறைத்துப் பேச நல்ல வாய்ப்பு. அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

டிகிரி ஆனாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, பிரிக்கக் கூடாத தாலி, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர் மாடு விதை, வருங்கால வைப்பு நிதி இவற்றை விலக்கி வைக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. சம்பளம் 31,000 என்றால் 1,000 போக 30,000. அதில் 20,000 உங்களுக்கு. பிடிக்கக்கூடியது 10,000. ஒரே டிகிரிக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

கைது? பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களானாலும், கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை, அல்லது சொத்தை மறைத்தார், ஓடப் பார்க்கிறார் என்று நிரூபித்தால்தான் சிவில் சிறை. வெறும் ஏழ்மைக்காகச் சிறை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது.

மஞ்சள் கடுதாசி

ஊரில் மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்று சொல்வது திவால் மனுவைத்தான். இணையத்தில் தேடினால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் பற்றியும் அதில் தனிநபருக்கான புதிய தொடக்கத் திட்டம் பற்றியும் பக்கம் பக்கமாக வரும். தனிநபர்களுக்கான அந்தப் பகுதி நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் இன்றும் பழைய சட்டங்கள்தான். சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மனு உயர் நீதிமன்றத்தில், சொத்தைப் பொறுப்பேற்பவர் சொத்தாட்சியர். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் நீதிமன்றத்தில், பெரும்பாலும் சப் கோர்ட்டில், மனு போட வேண்டும். அங்கே பொறுப்பேற்பவர் ரிசீவர். கீழே வருபவை 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி.

கடனைக் கட்ட இயலாத நிலையும், குறைந்தது 500 ரூபாய் கடனும் இருந்தால் மனு போடலாம். நூறு ஆண்டுக்கு முந்தைய தொகை, இன்னும் மாறவில்லை. மனுவில் இரண்டு அட்டவணைகள் உயிர்நாடி. ஒன்றில் ஒவ்வொரு கடன்காரரின் பெயர், முழு விலாசம், தொகை, கடனின் தன்மை. இன்னொன்றில் உங்கள் சொத்து ஒவ்வொன்றும், அதன் மதிப்பும், இருக்கும் இடமும். பைக், பங்குச்சந்தைக் கணக்கு, பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு, யாரோ உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் வர வேண்டும். வில்லங்கச் சான்று, வங்கி அறிக்கைகள், டிகிரி நகல்கள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். ஒரு கடன்காரரை, நண்பர்தானே என்று விட்டுவிட்டால் அவருக்கு நோட்டீஸ் போகாது, பிறகு அவரே எதிர்த்து நிற்பார். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

வக்கீல் நோட்டீஸை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு "ஐ.பி. போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. நோட்டீஸ் ஒரு பாதுகாப்பும் தராது. கடன் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று அறிவிப்பதே திவால் செயல்களில் ஒன்று. அதைக் காட்டி மூன்று மாதத்துக்குள் கடன்காரரே உங்கள் மேல் திவால் மனு போடலாம். மனு தாக்கல் ஆனதும் வழக்குகள் தாமாக நிற்பதும் இல்லை. நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று உத்தரவிட்ட பிறகுதான், அதன் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் தொடர முடியாது. கைதிலிருந்து பாதுகாப்புக்குப் பிரிவு 31-இன் கீழ் தனியாகக் கேட்க வேண்டும். விசாரணையில், கட்ட இயலாது என்பதற்கு மேலோட்டமான ஆதாரம் காட்டினால் போதும். ஆனால் குறுக்கு விசாரணை பெரும்பாலும் கடந்த இரண்டு ஆண்டுச் சொத்துப் பரிமாற்றத்தைச் சுற்றியே இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. திவால் உத்தரவுக்கு வழிவகுத்த மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் விலை வாங்காமல் மனைவி, பிள்ளை, அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை ரிசீவர் செல்லாததாக்கலாம். மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கட்டிய பணமும் அப்படியே. "முதல்ல வீட்டை மனைவி பேருக்கு மாத்திடுங்க, அப்புறம் ஐ.பி. போடலாம்" என்ற யோசனை, மனுவைக் கெடுப்பதில் முதலிடம் பிடிக்கிறது.

உத்தரவு வந்ததும் சொத்து ரிசீவரிடம் போகும், மேலே பார்த்த உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இல் சொன்னவை தவிர. பழைய கடன்களிலிருந்து நீதிமன்றம் தரும் விடுதலைக்கு முன் புதிதாகச் சேரும் சொத்தும், உதாரணமாக அப்பா இறந்து வரும் பங்கும், அவரிடமே போகும். ஆனால் அடமானக் கடன்காரரின் கை கட்டப்படாது, வீட்டையும் நகையையும் அவர் விற்கலாம். ஜாமீன்தாரர் பொறுப்பும் குறையாது. செக் வழக்கு கிரிமினல் என்பதால் அது தன் வழியில் போகும். ஐ.பி. போட்டால் செக் வழக்கு ஒழியும் என்று நம்பி இறங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

இடையில் சமரசம் பேசவும் வழி உண்டு. எண்ணிக்கையில் பெரும்பான்மையும், தொகையில் நான்கில் மூன்று பங்கும் கொண்ட கடன்காரர்கள் ஒப்புக்கொண்டு நீதிமன்றமும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டும்.

கடைசிக் கட்டம் விடுதலை உத்தரவு. இது தானாக வராது. திவால் உத்தரவிலேயே விடுதலைக்கு மனு போட வேண்டிய கெடு எழுதியிருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகி, கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வருவார்கள். ஐ.பி. வழக்குகள் வீணாவது இந்த ஒரு தேதியில்தான். விடுதலை கேட்கும்போது நீதிமன்றம் உங்கள் நடத்தையைப் பார்க்கும்: சொத்து ரூபாய்க்கு ஐம்பது காசு அளவுக்கும் தேறவில்லையா, தொழிலுக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தாரா, திருப்ப முடியாது என்று தெரிந்தே கடன் வாங்கினாரா, சூதாட்டமா, ஊதாரிச் செலவா. இவற்றைப் பொறுத்து மறுக்கலாம், தள்ளிப் போடலாம், நிபந்தனையோடு தரலாம். கிடைத்தாலும் அரசுக்கான பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை கழியாது.

விடுதலை வரும் வரை ஒரு கட்டுப்பாடு. தான் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது. விடுதலை உத்தரவின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி, ஒன்றை நான்கு கடன் அறிக்கை நிறுவனங்களுக்கும் ஆட்சேபத்தோடு அனுப்புங்கள், ஒன்றைப் பத்திரக் கட்டோடு வையுங்கள். பழைய கடன்களைக் கைமாற்றி வாங்கிய நிறுவனங்கள் ஐந்தாறு ஆண்டு கழித்தும் போன் செய்யும். அப்போது காட்ட வேண்டிய ஒரே காகிதம் அதுதான்.